நூல் வளையம்

தையல் தானாக விட்டதா, யாராவது பிரித்ததா என்று கேட்டால் சிவபிரகாஷ் துணியைக் கையில் வாங்காமலேயே சொல்லிவிடுவான். திருப்பூர் மண்ணரையில் ஒரு சந்துக்குள், கீழே கொஞ்சம் மெஷின்கள், மேலே குடித்தனம் என்று இருப்பவன்தான். கம்பெனியிலிருந்து வெட்டிவரும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க்தான் பிழைப்பு. ஆனாலும் தையல் என்று வந்துவிட்டால் அவன் பேச்சில் ஒரு மிதப்பு ஏறிவிடும். அந்த மிதப்புதான் அவனைக் கவிழ்த்தது.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சாயங்காலம், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் யாழினி வலது கையை விலாவோடு ஒட்டவைத்தபடியே ஸ்கூல் வேனிலிருந்து இறங்கினாள். கையை எடுக்கச் சொன்னபோது தெரிந்தது: யூனிஃபார்ம் சட்டையின் பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை திறந்து கிடந்தது. எங்கேயோ மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சத்யப்பிரியா திட்டத் தொடங்கினாள்.

"அவளத் திட்டாத சத்யா. கிழிஞ்சா துணி போகோணும், இல்ல நூலு அங்கங்க அத்து நிக்கோணும். இது ஒரே இழுவைல உருவுனது," என்றான் சிவபிரகாஷ்.

அரிசி மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்தவர்களுக்கு இது புரியும். தையல் தொடங்கிய முனையை நாள் முழுக்க இழுத்தாலும் வராது. முடிந்த முனையில் சரியான நூலைப் பிடித்துச் சுண்டினால் சரசரவென்று முழு மூட்டையும் வாயைத் திறக்கும். சங்கிலித் தையலின் குணம் அது. எந்த முனை, எந்த நூல் என்பது தெரிந்திருக்க வேண்டும். திருப்பூரில் அது தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

"யாரு கண்ணு இழுத்துது?"

"தெரியலீங்கப்பா. தானா வந்துருச்சு."

இந்த இடத்தில் ஒரு அப்பன் செய்ய வேண்டியது, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது வாயைத் திறக்கும்வரை நகராமல் இருப்பதுதான். நம்ம ஆள் என்ன செய்தான்? சட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே மெஷினுக்கு ஓடினான்.

யாழினியும் கூடவே இறங்கிவந்தாள். எழுதப் பழகுவதற்கு முன்பே அவளுக்குப் பிரிக்கப் பழக்கம். செக்கிங்கில் தள்ளிவிட்ட துணிகளைத் திரும்பத் தைப்பதற்காகப் பிரித்துக் கொடுப்பாள். வீட்டுப்பாடம் முடிந்ததும் அதுதான் அவள் விளையாட்டு. அந்த யூனிட்டில் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. உருவிய நூலைக் கீழே போடக் கூடாது. வெள்ளைத் துணியில் கறுப்பு நூல் ஒட்டிக்கொண்டு போனால் அந்தக் கட்டே திரும்பி வந்துவிடும். அதனால் உருவ உருவ விரலில் சுற்றி, சின்ன வளையமாக முடிந்து, துணியின் மடிப்பிலேயே செருகிவைத்துவிட வேண்டும். தைக்கிறவர் எடுத்துக் குப்பைப் பையில் போட்டுக்கொள்வார். வேறெந்த யூனிட்டிலும் இந்த ஆசாரம் கிடையாது. மற்றவர்கள் வாரியலால் கூட்டித் தள்ளிவிடுவார்கள். "இது நம்ம ஊட்டு மொத்திரை," என்று சிவபிரகாஷ் பீற்றிக்கொள்வான். யாழினியின் வளையங்கள் மோதிரம் போல அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

அன்றைக்கு அவன் தைத்துக் கொடுத்த சட்டையில் மறுநாள் கைத் தையல் போயிருந்தது. அதற்கடுத்து அடிமடிப்பு. பிறகு பாவாடையின் இடுப்புப் பட்டி. ஒவ்வொரு முறையும் உருவிய நூல் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் யாழினி, "தானா வந்துருச்சுங்கப்பா," என்பாள்.

சத்யப்பிரியா பட்டி பிரிந்த பாவாடையை அவன் முன்னால் போட்டாள். "ஏனுங்க, ஸ்கூலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாமுங்க. யாரோ வேணும்னே பண்றாங்க."

"எதுக்கு அலையறது? நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட விதம் இது: இரண்டு ஜோடி யூனிஃபார்மையும் முழுதாகப் பிரித்து, இழுத்தால் உருவிவராத பூட்டுத் தையல் மெஷினில் போட்டு, பொடித் தையலாக ஒன்றுக்கு இரண்டு வரிசை ஓட்டினான். முனைகளில் முன்னும் பின்னும் அடித்து இறுக்கினான். "இனி எவ பிரிக்கறாள்னு பாத்தர்றேன்," என்று சட்டையை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டிச் சிரித்தான். கைமடி வேலை செய்யும் வேலாத்தாள், அதாவது தைத்த துணியை மடித்து அடுக்கி டைலர்களுக்குக் கைகொடுக்கிறவள், "இது சாகற வரைக்கும் பிரியாதுங்ண்ணா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாழினி மட்டும் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சட்டை பிரியவில்லைதான்.

அடுத்த நாள் சாயங்காலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சத்யப்பிரியா போட்ட சத்தத்தில் கீழே மெஷின்கள் நின்றன. சிவபிரகாஷ் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். அவன் தைத்த இரட்டைத் தையல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் துணி நீளமாக வெட்டுப்பட்டிருந்தது. பிசிர் வெட்டும் சின்னக் கத்தரியின் வேலை. சட்டை வெட்டுப்பட்ட அதே இடத்தில் யாழினியின் இடுப்பிலும் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. ஆழமில்லை. ஆனால் நேராக இருந்தது.

"தையலு பிரியலீன்னா துணிய வெட்டுவாங்கன்னு தெரியலியா உங்களுக்கு? துணி தீந்துதுன்னா?" என்று சத்யப்பிரியா அவனைப் பார்த்துக் கத்தினாள்.

யாழினி அப்போதுதான் சொன்னாள். அக்ஷரா அக்கா. ஏழாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில், பஸ்கள் நிற்கும் ஷெட்டுக்குப் பின்னால். கூட இரண்டு அக்காக்கள் மறைத்துக்கொண்டு நிற்பார்களாம். தினமும் ஒரு தையல்.

"கத்துலாமல்ல கண்ணு? மிஸ்ஸக் கூப்புடலாமல்ல?"

"அசையாம நின்னா சீக்கிரம் முடிஞ்சிருமுன்னு அக்கா சொன்னாங்க. இன்னிக்குத் தையலு வல்ல. அதனால நேரமாயிருச்சு."

அந்தப் பெயரைக் கேட்டதும் சிவபிரகாஷின் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அக்ஷரா, திருமூர்த்தியின் ஒரே மகள். சிவபிரகாஷின் யூனிட்டுக்கு வருகிற துணிக்கட்டு அத்தனையும் திருமூர்த்தி கம்பெனியிலிருந்துதான் வந்தது. துணி கொண்டுவரும் டெம்போ ஒரு வாரம் வராவிட்டால் கீழே மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான். ஸ்கூலில் சொன்னால் அங்கிருந்து திருமூர்த்திக்குப் போன் போகும். மூன்றாம் மனுஷர் வாயால் அவர் கேட்கக் கூடாது. நேரில் போய்ப் பணிவாகச் சொன்னால் பெரிய மனுஷர் ஒரே வார்த்தையில் முடித்துவைப்பார். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

"நம்மகிட்ட என்ன தப்பு இருக்குதுன்னு நாம பணிஞ்சு போகோணும்?" என்றாள் சத்யப்பிரியா.

"பேசி முடிக்கறதுல தப்பில்ல சத்யா. ஒரே தொழில்ல இருக்கறோம். நாளைக்கு மூஞ்சில முழிக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை நிறைய ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு யாழினியையும் கூட்டிக்கொண்டு போனான். சத்யப்பிரியா வரமாட்டேன் என்றுவிட்டாள். திருமூர்த்தி வீட்டு வாசலே துணி வெட்டும் ஒரு கட்டிங் ஹால் அளவுக்கு இருந்தது. மனுஷர் வாய் நிறைய வரவேற்றார். "வாங்க தம்பி, உக்காருங்க. பாப்பாவுக்குப் பாலு கொண்டாரச் சொல்றேன்."

சிவபிரகாஷ் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, விளையாட்டாகத்தான் இருக்கும் என்று பத்துத் தரம் சொல்லி, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தான். கத்தரியைப் பற்றிச் சொன்னான். இடுப்பிலிருந்த கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது ஏனோ அந்த வீட்டில் மரியாதைக் குறைவாகப் பட்டது.

திருமூர்த்தி மாடிப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்ஷரா இறங்கி வந்தாள். ஒல்லியான பெண், இரட்டை ஜடை, படிக்கிற பிள்ளை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். கை கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாரிங்க அங்கிள். சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க பண்ணுனோம். இனிப் பண்ண மாட்டனுங்க."

"கேட்டீங்களா? அவ்வளவுதான் புள்ளைங்க," என்று திருமூர்த்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "எல்லாம் நம்ம புள்ளைங்கதான தம்பி. ஒண்ணு பண்ணலாம். நாளைக்கிருந்து உங்க பாப்பா எதுக்கு வேன்ல போகோணும்? நம்ம கார் உங்க ரோட்டு வழியாத்தான் போகுது. ஒண்ணாவே போயிட்டு ஒண்ணாவே வரட்டும். அக்ஷரா, நீ பாத்துக்குவியல்ல?"

"நான் பாத்துக்கறனுங்கப்பா," என்றாள் அக்ஷரா. வந்து யாழினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

யாழினி தன் அப்பாவைப் பார்த்தாள். சிவபிரகாஷ் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய இடத்துக் கார் தன் சந்து முனையில் வந்து நிற்கப்போவதை நினைத்து அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"ரொம்பச் சந்தோசமுங்கண்ணா. ஒண்ணாப் பழகிட்டாங்கன்னா எல்லாம் சரியாயிருமுங்க," என்றான்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம், "அக்கா சொல்றதக் கேட்டு அனுசரிச்சுப் போகோணும் கண்ணு, என்ன?" என்றான். பதில் வரவில்லை. காற்றில் காதில் விழுந்திருக்காது என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு தையல் எதுவும் பிரியவில்லை. காலையில் சந்து முனையில் வெள்ளைக் கார் வந்து ஹாரன் அடிக்கும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். யூனிஃபார்ம் இஸ்திரி கலையாமல் வந்தது. யாழினியின் தலையில் புதிதாக ஒரு கிளிப் இருந்தது, அக்கா கொடுத்ததாம். சிவபிரகாஷ் தன் ராஜதந்திரத்தை மெஷின் மெஷினாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்ட கதையையே திரும்பக் கேட்டு டைலர்களுக்குச் சலித்துவிட்டது.

சத்யப்பிரியாவுக்கு மட்டும் மனம் அமரவில்லை. பிள்ளை எழுப்புவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. கார் வருவதற்கு வெகுநேரம் முன்பே பையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போய் நின்றது. "லேட்டாப் போனா அக்காவுக்குப் புடிக்காதுங்கம்மா," என்றது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் சும்மா இருக்காமல் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தன.

"அவ சிரிச்சு எத்தன நாளாச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"பெரிய புள்ளையாகறா, அதான். நீயாப் போட்டு வெசனப்படாத," என்றான் அவன்.

ஒரு தரம் யாழினி அவனிடம் வந்து, "அப்பா, எனக்கொரு பிசிர் வெட்டற கத்தரி வேணுமுங்க," என்றாள்.

"எதுக்கு கண்ணு?"

"கிராஃப்டுக்கு."

புதுக் கத்தரியாகத் தேடி எடுத்து, முனையை விரலில் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுக் கொடுத்தான். மடையன்.

வேலாத்தாளின் மகள் சுபிக்ஷாவும் அதே பள்ளிக்கூடம்தான். இரண்டாம் வகுப்பு. இலவச ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தபோது வேலாத்தாள் யூனிட்டுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு வேலை முடியும்வரை அந்தப் பிள்ளை படம் வரைந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் யாழினி வந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். இப்போது சந்து முனையில் ஹாரன் கேட்டால் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. "என்றா தங்கம், ஒளிஞ்சு வெளையாடறியா?" என்று சிவபிரகாஷ் எட்டிப் பார்த்துச் சிரிப்பான். பிள்ளை சிரிக்காது.

ஒரு புதன்கிழமை வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு வேலாத்தாள் மட்டும் நின்றாள். கையில் ஒரு பை. முந்தானையைக் காரணமில்லாமல் சரிசெய்துகொண்டாள்.

"ஏனுங்ண்ணா, புள்ள யூனிபாரம் பிரிஞ்சு போச்சுங்க. ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்தீங்கன்னா..."

"இதுக்கென்ன கேக்கற? மெஷின் சும்மாதான கெடக்குது, நீயே ஓட்டிக்க வேலாத்தா."

"இல்லீங்ண்ணா. நீங்களே பாருங்க," என்றாள். பையை மேஜைமேல் வைத்துவிட்டு, சுபிக்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

சிவபிரகாஷ் சட்டையை எடுத்து விரித்தான். பக்கத் தையல், அக்குளிலிருந்து இடுப்புவரை. தானாக விட்டதல்ல. ஒரே இழுவையில், ஒரு துளி துணி சுருங்காமல் உருவியிருந்தது. அக்ஷரா பிரித்தால் நூல் தொங்கும். இதில் நூல் தொங்கவில்லை. கைகள் வழக்கப்படி அடிமடிப்பைத் தடவின. விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

மடிப்புக்குள் ஒரு நூல் வளையம் இருந்தது. மோதிரம் போல நேர்த்தியாக முடிந்து செருகியிருந்தது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கண் என்னவோ அந்த வளையத்தைத்தான் பார்த்தது. மனதில் மட்டும் சோபா நுனியும் காபி டம்ளரும் மகளின் பார்வையும் வந்து வந்து போயின. பிறகு மேலே ஏறினான்.

யாழினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தை அவள் முன்னால் வைத்தான். அவள் எழுதுவதை நிறுத்தினாள். அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எப்பருந்து?" என்றான்.

"கார்ல போக ஆரம்பிச்சதுல இருந்துங்க. தெனமும் ஒரு ஆளுதுன்னு அக்கா சொன்னாங்க. நான் பிரிக்கலீன்னா என்னோடதுன்னாங்க. அக்காவுக்கு அவ்ளோ நல்லாப் பிரிக்க வராதுங்க. நீதான் பிரிப்பல்லன்னு கேட்டாங்க."

"சுபிக்ஷா சின்னப் புள்ளையல்ல கண்ணு. உன்றகூட வெளையாண்ட புள்ள."

"அதனாலதான் அக்கா அவளச் சொன்னாங்க." யாழினியின் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "நான் அவகிட்ட சொன்னனுங்க. அசையாம நின்னா சீக்கிரம் முடிஞ்சிரும்னு."

அடுப்படியிலிருந்து வந்த சத்யப்பிரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்ககிட்ட ஏன் சாமி சொல்லல?"

"அப்பாதானுங்க அனுசரிச்சுப் போகச் சொன்னாங்க."

சிவபிரகாஷுக்கு அடித்தாற்போல் இருந்தது. "இந்த வளையத்த ஏன் வெச்ச?" என்று கேட்டான்.

"கை தானா சுத்திருச்சுங்கப்பா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே சொன்னாள்: "நாளைக்குத் தையலு இல்லீங்க. நாளைக்கு அவ ஜடை. அதுக்குத்தான் அக்கா கத்தரி கொண்டாரச் சொன்னாங்க."

அன்றைக்கு இரவு அந்தச் சட்டையைத் தைக்காமலேயே மடித்துவைத்தான் சிவபிரகாஷ். மெஷினைத் தொடவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

காலையில் கார் வருவதற்கு முன்பே வேலாத்தாள் வந்துவிட்டாள். சுபிக்ஷா இன்னொரு ஜோடி யூனிஃபார்மில், இரண்டு ஜடையும் ரிப்பனுமாக, அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. சிவபிரகாஷ் கீழே இறங்கி வந்து அந்தச் சட்டையை அப்படியே நீட்டினான்.

"வேலாத்தா, இதப் பிரிச்சது என்ற பொண்ணு."

"தெரியுமுங்ண்ணா," என்றாள் அவள். "வளையத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. இங்க வேல செய்யற எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா நேத்தே என்ற மூஞ்சில எறிய வேண்டியதுதான? ஸ்கூல்ல போய்ச் சொல்ல வேண்டியதுதான?"

வேலாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ, அதெப்படிங்க. உங்க ஊட்டுப் புள்ளையப் போயி... நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்கோணுமல்லங்க. நீங்களே பாத்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுதுங்க." தயங்கிவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சலாகச் சிரித்தாள். "தப்பா நெனைக்கலீன்னா, நம்ம யாழினிப் பாப்பாகூட இவளையும் அந்தக் கார்லயே ஏத்தி உட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க. ஒண்ணாப் பழகிட்டாங்கன்னா எல்லாம் சரியாயிருமுங்க."

அந்தச் சிரிப்பைச் சிவபிரகாஷுக்குத் தெரியும். திருமூர்த்தி வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து அவன் சிரித்த சிரிப்பு அது.

சந்து முனையில் ஹாரன் அடித்தது.

படிக்கட்டில் யாழினி பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஹாரன் கேட்டதும் அவள் கால் தானாக ஒரு படி இறங்கியது. சேலைக்குள் இருந்த பிள்ளை இன்னும் உள்ளே போனது. மறுபடி ஹாரன். இந்த முறை நீளமாக.

சிவபிரகாஷ் சந்து முனைக்கு நடந்து போனான். காரின் பின் கண்ணாடி இறங்கியது. "குட் மார்னிங்குங்க அங்கிள்," என்றாள் அக்ஷரா. "யாழினி எங்கீங்க? நேரமாச்சுங்க."

"அவ வரமாட்டா," என்றான்.

"நாளைக்குங்களா?"

"இனி வரமாட்டா."

அக்ஷராவின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவனைத் தாண்டி, சந்துக்குள் நின்ற அந்தச் சின்னப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

அவன் திரும்பி வந்து வண்டியை எடுத்தான். "வேலாத்தா, நீயும் வா. சத்யா கூட்டிட்டு வருவா. நான் புள்ளைங்களோட முன்னால போறேன்."

"எங்கீங்ண்ணா?"

"ஸ்கூல் பிரின்சிபாலப் பாக்க. திருமூர்த்தியண்ணன் பொண்ணு பண்ணுனதையும் சொல்லோணும், என்ற பொண்ணு பண்ணுனதையும் சொல்லோணும். அந்தச் சட்டையக் குடு."

"எதுக்குங்ண்ணா இந்த வம்பு? உங்களுக்கு டெம்போ வராமப் போச்சுன்னா எங்களுக்கும் வேல இல்லீங்களே."

அது உண்மைதான். பயமாகத்தான் இருந்தது, இப்போது அந்த வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. யாழினி தன் பைக்குள் கைவிட்டுக் கத்தரியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பயமா இருக்குதுங்கப்பா."

"எனக்குந்தான் கண்ணு. ஏறு."

சுபிக்ஷாவை முன்னால் நிற்கவைத்து, யாழினியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினான். கம்பெனி வேன்களுக்கு நடுவில் வண்டியை நுழைக்கும்போதே சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. சிக்னலில் எடுத்துப் பார்த்தான். திருமூர்த்தியண்ணன். பையிலேயே போட்டான். அது நின்றது, மறுபடி அடித்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நெஞ்சுக்கு மேலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.

கேட்டுக்கு உள்ளே, பஸ் ஷெட்டுக்குப் போகிற வழியில், அக்ஷரா இரண்டு தோழிகளோடு நின்றிருந்தாள். அவசரமில்லாமல் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவபிரகாஷ் பிள்ளைகளை இறக்கினான். யாழினி அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, முன்பெல்லாம் பழகிய தோழிதானே என்று நினைத்தாளோ என்னவோ, மறு கையைச் சுபிக்ஷாவிடம் மெல்ல நீட்டினாள்.

அந்தச் சின்னப் பிள்ளை நீட்டிய கையைப் பார்த்தது. ஜடை இரண்டையும் முன்னால் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டது. சிவபிரகாஷைச் சுற்றி ஓடி அவனுடைய இடது பக்கம் போய், அவன் முழங்காலோடு ஒட்டி, அசையாமல் நின்றது. அக்ஷரா நின்றிருந்த பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஒளிந்தது யாழினியிடமிருந்துதான்.